அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை

கன நாளாக எழுதவேண்டும் என்று நினைத்து எழுதாமல் விட்ட விடயம் இது. நேரமில்லாமல் இல்லை. வெட்கத்தில்தான் எழுதவில்லை.

போன கிழமை ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் 109ஆம் இலக்க பஸ்ஸுக்கு நின்றபோது தெரிந்த ஒருவரைச் சந்தித்தேன். குடும்பத்தோடு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. வழியில் அவர்கள் பட்டதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. சுகம் விசாரித்து முடிய அவர் சொன்னார்:

"அண்ணை, பள்ளிக்கூடத்திலை மகளை ஒக்கியுபேஷனல் தெரபிக்கு அனுப்பப் போகினமாம். நான் கையெழுத்து வைக்கேல்லை. ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன ஒக்கியுபேஷன்? அதோட தெரபி எண்டால் என்ன, அவள் என்ன விசரியே?"

நான் சிரிக்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு முதல் இதே தெருவில் இதே கேள்வியை நானும் கேட்டவன். அவருக்கு விளங்கப்படுத்தியதில் மூன்று பஸ் போய்விட்டது. அவருக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

*

என் அக்காவும் மகனும் 2011இல் இங்கே வந்து சேர்ந்தார்கள். அத்தான் முன்னமே வந்து அகதி அந்தஸ்துக் கிடைத்தவர். மருமகனுக்கு அப்போது ஒன்பது வயது. 2009 மாசியில் இருந்து வைகாசி வரை, ஏழு வயதைத் தொடமுதலே, அவன் வன்னியில் பங்கருக்குள்ளே இருந்தவன். பிறகு மெனிக் பாம் முகாம். அதைப் பற்றி இதை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஸ்ட்ரெதத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சேர்த்தோம். முதல் மாதம் எல்லாம் நல்லது. "அமைதியான பிள்ளை" என்றார்கள். அக்காவுக்குப் பெருமை. இரண்டாம் மாதம் கார்த்திகை. இலண்டனில் இருப்பவர்களுக்குத் தெரியும், கை ஃபோக்ஸ் இரவும் தீபாவளியும் அடுத்தடுத்து வரும். இரண்டு கிழமைக்கு இரவிரவாக வெடி. அவன் படுக்கையை விட்டுக் கட்டிலுக்குக் கீழே நித்திரை கொள்ளத் தொடங்கினான். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகமாட்டான். கதிரை இழுபட்டால் எழும்பி ஓடுவான். பென்சிலை அழுத்துகிற அழுத்தில் கொப்பி கிழியும். பின்னால் வந்து தோளைத் தொட்ட ஒரு பெடியனுக்கு அடித்துவிட்டான்.

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, அத்தானுக்கு வேலை. நான்தான் மொழிபெயர்ப்பாளர். வகுப்பு ரீச்சர் ஓர் இளம் பெண். குற்றம் சாட்டுகிற மாதிரிக் கதைக்கவில்லை. அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. இங்கே வருவதற்கு முதல் இவனுக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சொன்னா: "தம்பி, ஒண்டும் சொல்லிப்போடாதை. விசரன் எண்டு எழுதிப்போடுவினம். பிறகு அத்தான்ரை விசாவிலையும் கை வைப்பினம்."

நான் திரும்பி ரீச்சரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மொழி தெரியாததுதான் பிரச்சினை. போகப்போகச் சரிவரும்."

அக்காவில் பழி போடமாட்டேன். எனக்கு இந்த நாட்டில் அப்போதே பன்னிரண்டு வருட அனுபவம். பள்ளிக்கூடத்துக்கும் குடிவரவு அலுவலகத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவன். ஆனாலும் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவனுக்கு ஐந்து மாதம் போனது.

*

பங்குனி மாதம் ஒரு நாள் தீயணைப்பு ஒத்திகை. மணி அடித்ததும் வகுப்பு வகுப்பாக மைதானத்துக்குப் போய் வரிசையில் நிற்கவேண்டும். இவன் வரிசையை விட்டு ஓடி, பக்கத்தில் நின்ற சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்றை, நாலைந்து வயது இருக்கும், இழுத்து விழுத்தி, மதிலோரமாக அவளுக்கு மேலே படுத்துக்கிடந்தான். அந்தப் பிள்ளையின் முழங்கால் உரஞ்சுப்பட்டு இரத்தம். பள்ளிக்கூடம் அதைத் தாக்குதல் என்று எழுதி, இரண்டு நாள் வரவேண்டாம் என்று கடிதம் தந்தது.

மறுபடி அதே அறை, அதே மூன்று கதிரை. தலைமை ஆசிரியை கேட்டார்: ஏன் அந்தப் பிள்ளையைத் தள்ளினாய்? நான் தமிழில் கேட்டேன். அவன் என்னைப் பார்த்து, இது கூடத் தெரியாதா என்கிற மாதிரிச் சொன்னான்:

"மாமா, அவ நிண்டுகொண்டு நிண்டவ."

ஷெல் வருகிறபோது நிற்கக்கூடாது. படுத்தால் தப்பலாம். அவனுக்குத் தெரிந்த முதல் பாடம் அது. அவன் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறான்.

அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு "சொல்லு" என்றா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மொழிபெயர்க்கக் கஷ்டமாக இருந்தது. பங்கருக்கு என்ன சொல் என்று தேடினேன். பிறகுதான் அது ஆங்கிலச் சொல் என்று நினைவு வந்தது.

கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நாலு மாதம் காத்திருந்த பிறகு ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் வந்தார்.

*

எங்கள் நாட்டில் இதற்குத் தொழில்வழிச் சிகிச்சை என்று பெயர். அந்தப் பெயர்தான் எங்கள் ஆட்களைக் குழப்புவது. இங்கே தொழில் என்றால் சம்பளத்துக்குச் செய்கிற வேலை இல்லை, ஒரு மனிதர் நாளாந்தம் செய்கிற எல்லாமும்தான். பிள்ளைக்குத் தொழில் என்றால் விளையாடுவது, சாப்பிடுவது, உடுப்பு மாற்றுவது, பென்சில் பிடிப்பது, வகுப்பில் இருப்பது. அதைச் செய்யமுடியாமல் எது மறிக்கிறது என்று பார்த்து, செய்துசெய்தே பழக்குவதுதான் சிகிச்சை.

வந்த பெண்மணி முதல் நாள் அவனோடு கதைக்கவே இல்லை. வகுப்பின் பின்னால் இருந்து அரை நாள் பார்த்தார். பிறகு எங்களுக்கு விளங்கப்படுத்தினார்: இவன் குழப்படிக்காரன் இல்லை, இவனுடைய உடம்பு இன்னும் காவல் நிற்கிறது. காவல் நிற்கிற ஆளால் கணக்குப் படிக்கமுடியாது.

அவர் செய்ததெல்லாம் கேட்டால் அற்பமாக இருக்கும். கதவைப் பார்த்தபடி, முதுகு சுவரோடு இருக்கும்படி கதிரையை மாற்றினார். பின்னால் இருந்து யாரும் தொடவேண்டாம், முன்னால் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் சொன்னார். காலமை வந்ததும் அலுவலகத்திலிருந்து புத்தகப் பெட்டிகளை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போகிற வேலையை அவனுக்குக் கொடுத்தார். பாடத்துக்கு இடையில் சுவரை இரண்டு கையாலும் தள்ளுகிற பயிற்சி. களிமண் பிசைவது. மற்றப் பிள்ளைகள் வர முதலே சாப்பாட்டு மண்டபத்துக்குப் போய், சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதைப் பழகுவது. அடுத்த நாள் என்ன நடக்கும் என்று படம் போட்ட ஒரு கால அட்டவணை.

பாரம் தூக்குவதும் தள்ளுவதும் ஏன் என்று கேட்டேன். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐம்புலன் படித்த எங்களுக்கு, தசையும் மூட்டும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன என்பதும், உட்காதில் சமநிலை உணர்வு இருக்கிறது என்பதும் யாரும் சொல்லித் தரவில்லை. தசைக்கு நல்ல வேலை கொடுத்தால் பல பிள்ளைகளுக்கு உடம்பு அடங்குகிறது. அமெரிக்காவில் ஜீன் அயர்ஸ் என்ற ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் இந்தப் புலன் ஒருங்கிணைப்பைப் பற்றி 1972இல் புத்தகமே எழுதியிருக்கிறார்.

அடுத்த தீயணைப்பு ஒத்திகை எப்போது என்று அவனுக்கு முதல்நாளே சொன்னார்கள். ஒரு வேலையும் கொடுத்தார்கள்: ரீச்சரோடு நின்று, வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எண்ணுவது. முப்பது பேரையும் இரண்டு தரம் எண்ணினானாம். படுக்கவில்லை.

இவ்வளவு நாளிலும் அந்தப் பெண்மணி அவனிடம் யுத்தத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அவன் சொல்ல விரும்பும்போது கேட்க அதற்குப் பயின்றவர்கள் இருக்கிறார்கள், அவன் வகுப்பில் இருப்பதும் சாப்பிடுவதும் விளையாடுவதும்தான் தன் வேலை என்றார்.

*

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

அகதியாக வந்த எங்களுக்குக் கதை சொல்வது என்றாலே பயம். எங்கள் கதையை நாங்கள் சொன்னது ஒரு மேசைக்கு முன்னால். ஒரு திகதி மாறினால் பொய், ஓர் ஊர்ப் பெயர் தவறினால் பொய். அந்த மேசையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளும் வாயை மூடப் பழகிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அன்பாகக் கேட்டாலும் எங்களுக்கு அது விசாரணை மாதிரித்தான் கேட்கிறது. நான் பொய் சொன்னதற்கும் அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

கையால் செய்கிற இந்தச் சிகிச்சைக்குப் பிள்ளையின் வாக்குமூலம் தேவையில்லை. பெரியவர்கள் ஒரு வசனம் சொன்னால் போதும்: "இவன் யுத்தத்துக்குள் இருந்தவன்." முழுக் கதையும் வேண்டாம். அந்த ஒரு வசனம் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் தண்டனை கொடுக்கும். அவர்களுக்கு வேறு வழி தெரியாது.

இந்தத் தொழில் வளர்ந்ததும் யுத்தத்தில்தான். 1917இல் அமெரிக்காவில் இதற்குச் சங்கம் தொடங்கினார்கள், அடுத்த வருடமே முதலாம் உலகப்போரில் காயப்பட்ட படையினருக்குக் கைவேலை பழக்கப் பெண்களை அனுப்பினார்கள். இங்கிலாந்தில் முதல் பயிற்சிப் பள்ளியை 1930இல் பிரிஸ்டலில் தொடங்கியவர் எலிசபெத் காசன் என்ற பெண் வைத்தியர்.

எங்கள் மண்ணுக்கும் இது புதிதில்லை, பெயர்தான் வேறு. 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கினார்கள். போல் ஹோகன் என்ற கனேடிய ஓவியரும், அருட்தந்தை போல் சற்குணநாயகமும் சேர்ந்து செய்த வேலை. யுத்தத்துக்குள் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே வந்து களிமண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை கட்டினார்கள், மரங்களுக்கும் மிருகங்களுக்கும் நடுவில் விளையாடினார்கள். உனக்கு என்ன நடந்தது என்று மேசைக்கு முன்னால் இருத்திக் கேட்கிற இடமாக அதை அமைக்கவில்லை. கை செய்யட்டும், வாய் தனக்கு வேண்டும்போது திறக்கட்டும் என்பதுதான் அதன் போக்கு.

யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்று தமிழிலேயே எழுதியவர். வடு என்ற சொல் எங்களிடம் இருக்கிறது, கோளாறு என்று சொல்லத் தேவையில்லை. வடகிழக்கில் 420 மாணவர்களிடம் நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கு 92 பிள்ளைகள் குண்டுவீச்சு, ஷெல்லடி, நெருங்கியவர் சாவதைக் காண்பது போன்ற ஏதோ ஒன்றுக்கு முகம் கொடுத்திருந்தார்கள். நாலில் ஒரு பிள்ளைக்கு அந்த வடு நோயாகவே இருந்தது. இது முள்ளிவாய்க்காலுக்கு முதல் எடுத்த கணக்கு. அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் பாரிசிலும் தாய் தகப்பனாக இருக்கிறார்கள். உங்களில் சிலராகவும் இருக்கலாம்.

*

இதை மந்திரம் என்று நான் சொல்லவரவில்லை. பாரமான போர்வை, காது மூடி, பயிற்சிப் பந்து என்று இப்போது கடையில் விற்கிற எல்லாவற்றுக்கும் உறுதியான ஆய்வு ஆதாரம் இல்லை. ஒரு பிள்ளைக்கு உதவுவது இன்னொன்றுக்கு உதவாது. கெட்ட கனவும் பழைய காட்சியும் விடாமல் துரத்துகிற பிள்ளைக்கு இது மட்டும் போதாது. அதற்கென்று பயின்றவரிடம் செய்கிற உளவியல் சிகிச்சை இருக்கிறது. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி 2018இலும் அதைத்தான் முதலில் சொல்கிறது. என் மருமகனும் பதின்நாலு வயதில் அதற்குப் போனவன். ஆனால் அவன் தானே கேட்டுப் போனான்.

இன்னொன்றும் உண்டு. வடபகுதிப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளோடு நடத்திய ஒரு திட்டத்தின் முடிவு 2012இல் வந்தது. ஐந்து கிழமையில் பதினைந்து அமர்வு. பொதுவாகப் பிள்ளைகளின் முரட்டுத்தனம் குறைந்தது. ஆனால் மனவடுவின் அறிகுறிகளில் எல்லோருக்கும் ஒரே பலன் இல்லை. யுத்தத்தால் வந்த நாளாந்த நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் கூடுதல் பலன். பங்குபற்றிய பெண்பிள்ளைகள் இந்த விடயத்தில், காத்திருந்த பெண்பிள்ளைகள் அளவுக்குக் கூட முன்னேறவில்லை. நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? பள்ளிக்கூடத்தில் ஒரு மணித்தியாலம் களிமண் பிசைந்துவிட்டு, வீட்டில் விசாக் கடிதத்துக்கும் வாடகைக்கும் தகப்பனின் குடிக்கும் நடுவில் இருக்கிற பிள்ளையை எந்தத் தெரபிஸ்ட்டால் ஆற்றமுடியும்?

அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்லவேண்டும். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மேசையில் தடியால் அடித்து "சத்தம் போடாதை" என்று சத்தம் போடுகிற பழக்கத்தை விடுங்கள். நினைவு நாள் மேடைகளில் ஒலிபெருக்கியில் ஷெல் சத்தம் போட்டு, சின்னப் பிள்ளைகளுக்குச் சிவப்புச் சாயம் பூசிப் படுக்கவைக்கிற நாடகம் வேண்டாம். நினைவு கூரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் ஒவ்வொரு வைகாசியும் விளக்கு ஏற்றுகிறவன். மண்டபத்தின் கடைசி வரிசையில் காதைப் பொத்திக்கொண்டு இருக்கிற பிள்ளையை ஒருக்கால் திரும்பிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பெற்றோருக்கு: பள்ளிக்கூடம் இந்தச் சிகிச்சைக்கு அனுப்பட்டா என்று கேட்டால் பயப்படாதீர்கள். அவர்கள் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் விசேட தேவைகளுக்குப் பொறுப்பான சென்கோ என்ற ஆசிரியர் இருப்பார், அவரிடம் கதையுங்கள். குடும்ப வைத்தியரிடமும் கேட்கலாம். தேவை பெரிதென்றால் கவுன்சிலிடம் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் கேட்கலாம். 2014இல் வந்த சட்டப்படி 20 கிழமைக்குள் முடிக்கவேண்டும். பல இடங்களில் இழுபடுகிறது, இந்த முறையையே மாற்றுகிற கதையும் அடிபடுகிறது. ஆகவே எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள், திகதியைக் குறித்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. சொந்தக்காரரை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்கவே வேண்டாம். வெளி ஆளை ஒழுங்குசெய்து தரச்சொல்லிப் பள்ளிக்கூடத்திடம் கேளுங்கள். சொந்தக்காரன் உங்கள் மானத்தையும் சேர்த்து மொழிபெயர்ப்பான். என்னைப் போல.

*

மருமகனுக்கு இப்போது 24 வயது. இதை எழுதட்டா என்று கேட்டேன். "எழுதுங்கோ மாமா, ஆனால் என்ரை பேர் போடாதேங்கோ" என்றான். மின்சார வேலை செய்கிறான். இன்றும் ஒரு கடைக்குள் போனால் கதவைப் பார்த்தபடிதான் இருப்பான். கார்த்திகை மாதத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு மாவைப் பிசைந்து றொட்டி சுடுவான். முழுக்க ஆறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கட்டிலில்தான் படுக்கிறான்.

பஸ் தரிப்பிடத்தில் கண்டவர் நேற்றுத் தொலைபேசி எடுத்தார். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் சந்திப்பாம். "நீங்கள் வந்து மொழிபெயர்த்து விடுவியளோ அண்ணை?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன், பள்ளிக்கூடத்திடம் ஆள் கேட்கச் சொன்னேன். வேண்டுமென்றால் கூட வருகிறேன், வெளியில் கதிரையில் இருக்கிறேன் என்றும் சொன்னேன்.

வரச்சொல்லியிருக்கிறார்.